கேள்வி-பதில்: சலுகை வேறு, பிரிவிலேஜ் வேறு

கேள்வி: "படித்தால் யார் வேண்டுமானாலும் முன்னேறலாம்" என்றேன். ஓசூரில் என்னோடு வேலை பார்க்கும் தோழி, "உனக்கு பிரிவிலேஜ் இருக்கு, அதான் இப்படிப் பேசுற" என்றாள். அகராதியில் 'சலுகை' என்று இருக்கிறது. எனக்கு யாரும் எந்தச் சலுகையும் தரவில்லையே?
- வாசகி, ஊத்தங்கரை

பதில்: அகராதி உங்களைப் பாதி வழியில் இறக்கி விட்டிருக்கிறது. சலுகை என்றால் கொடுப்பவர் ஒருவர் இருப்பார், வாங்குபவருக்கும் அது தெரியும், பஸ் பாஸ் மாதிரி. தோழி சொன்னது, கேட்காமலே பிறந்த வீடும் ஊரும் சாதியும் கையில் கொடுத்து அனுப்பிய அனுகூலத்தை. எல்லாருக்கும் தெரிந்த பிறகு கடைசியாகத்தான் வைத்திருப்பவர் கண்ணுக்கு அது தெரியும்.

நான் பென்னாகரம் பக்கம், போர் தண்ணீர் குடித்து வளர்ந்தவன். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு ஆகாது என்பார்கள், எங்கள் பக்கம் பல கிணறுகளில் அதைத் தாண்டித்தான் இருந்தது. அதனால் பல்லெல்லாம் பழுப்புக் கோடு. பள்ளியில் எடுத்த குரூப் போட்டோவில் பாதிப் பேர் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நிற்கிறோம். அப்புறம் சேலத்தில் கல்லூரி சேர்ந்தேன், மேட்டூர்த் தண்ணீர் குடித்து வளர்ந்த அறை நண்பன் ஒருநாள், "ஒழுங்கா பல்லு தேய்க்க மாட்டியாடா?" என்று கேட்டான். நல்ல பையன், அக்கறையாகத்தான் கேட்டான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் எங்களுக்கு வந்தது 2013-ல்தான், சின்ன வயதில் பல்லில் ஏறிய கறை அதற்கப்புறம் எந்தத் தண்ணீர் குடித்தாலும் போகாது. அவன் பல் வெள்ளையாக இருந்தது அவன் தப்பில்லை. ஆனால் அதைத் தான் பல் தேய்த்ததற்குக் கிடைத்த பலன் என்று நினைத்தான் பாருங்கள், அந்த நினைப்பைத்தான் இந்தச் சொல் தொட்டுக் காட்டுகிறது.

'கொடுத்து வைத்தவன்' என்று நாம் சொல்வது இதற்குப் பக்கத்தில் வரும். ஆனால் அது பழியை விதியின் தலையில் போட்டுவிடுகிறது. எந்த ஊருக்குக் குழாய் முதலில் போக வேண்டும் என்று முடிவெடுப்பது மனிதர்கள்தானே? அதனால் நான் 'அனுகூலம்' என்றே எழுதுகிறேன்.

இன்னொன்று, இடஒதுக்கீட்டைச் சலுகை என்று சொல்லாதீர்கள், அது உரிமை. 2023 ஜூலையில் நம் தொப்பூரில் விண்ணப்பப் பதிவு தொடங்கிய மகளிர் திட்டத்துக்குக்கூட 'உரிமைத் தொகை' என்றுதான் பெயர் வைத்தார்கள், உதவித்தொகை என்று வைக்கவில்லை.

தோழி உங்களைத் திட்டவில்லை. எத்தனை வயதில் சம்பாதிக்கத் தொடங்கினாள், வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனது யார் என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: சட்டமன்றத்தில் 'உரிமை மீறல்' என்கிறார்களே, அதுவும் இதே சொல்லா?
- வாசகர், பாலக்கோடு

பதில்: அதேதான், ஆங்கிலத்தில் அது 'பிரீச் ஆஃப் பிரிவிலேஜ்'. பிரிவிலேஜ் என்பதற்கு லத்தீனில் தனி ஆளுக்கென்று போட்ட சட்டம் என்று பொருள். சபைக்குள் பேசியதற்காக எம்.எல்.ஏ. மேல் வழக்குப் போட முடியாது என்கிறது அரசியலமைப்பின் 194-வது பிரிவு, அந்த மாதிரிப் பாதுகாப்புகளைத்தான் அங்கே உரிமை என்கிறார்கள். முன்னாள் மன்னர்களுக்கு அரசு கொடுத்துவந்த பணமான மன்னர் மானியத்தை 1971-ல் 26-வது திருத்தம் ஒழித்தது, அதன் ஆங்கிலப் பெயரான 'பிரிவி பர்ஸ்' என்பதிலும் இதே வேர் இருக்கிறது.