எழுத மறுத்து வரும் மகளைத் திருப்பி அனுப்பாதீர்கள்

களுவாஞ்சிகுடியிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

மகளுக்கு 29 வயது. மட்டக்களப்பில் ஒரு செய்தி நிறுவனத்தில் நாலு வருடமும் பத்து மாதமும் வேலை. இப்போது ஒரு கட்சிக்காகச் செய்தியைத் திரிக்கச் சொல்கிறார்கள். பக்கத்து ஊர் முஸ்லிம் சனங்களைச் சந்தேகப்பட வைக்கும் தலைப்புகள் கேட்கிறார்கள். பிள்ளை நித்திரை கொள்வதில்லை, சோற்றுக்கோப்பையைப் பார்த்தபடியே இருக்கிறார், வேலையை விடப்போகிறேன் என்கிறார். "கொஞ்ச நாள் லீவு எடுத்தால் சரிவரும் என்று நீங்களாவது சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படிச் சொல்ல மாட்டேன்.

பிள்ளையிடம் இருப்பது இரண்டு பிரச்சினை. ஒன்று களைப்பு. வேலைச் சுமையால் வரும் இந்த நிலைக்கு உலக சுகாதார நிறுவனம் 2019 இல் மூன்று அடையாளம் சொன்னது: சத்தெல்லாம் வற்றிப்போவது, வேலைமேல் வெறுப்பு, நான் செய்வதில் பிரயோசனமில்லை என்ற எண்ணம். இதற்கு ஓய்வு உதவும். மற்றது மனச்சாட்சி. இரண்டு கிழமை படுத்தெழும்பிப் போனாலும் அதே தலைப்பைத்தான் எழுதச் சொல்வார்கள். பத்திரிகையாளர் ஐயாத்துரை நடேசன் 2004 மே 31 அன்று சுட்டுக் கொல்லப்பட்டது இந்த மட்டக்களப்பில்தான். எழுதுகிறவரின் நேர்மையைப் 'பிடிவாதம்' என்று இங்கே உறவினர் சொல்வது எனக்குத் தாங்க முடியாத பேச்சு.

ஓய்வெடுத்தும் நித்திரை திரும்பவில்லை என்றால் போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். அவசரத்துக்கு 1926 என்ற இலக்கம் இருக்கிறது.

லண்டன் மாமா சொல்லும் மாஸ்டர்ஸ் படிப்புக்கு வருகிறேன். படிப்புக் கட்டணம் தனி. விசாவோடு கட்டும் சுகாதாரக் கட்டணம் மட்டும் மாணவருக்கு வருடத்துக்கு 776 பவுண். விசாவுக்குக் காட்டும் செலவுக் காசு தொடர்ந்து 28 நாள் வங்கிக் கணக்கில் கிடக்க வேண்டும். அதை வட்டிக்கு வாங்கித்தான் பலர் காட்டுகிறார்கள். இதற்கெல்லாம் நீங்கள் ஈடு வைக்க நினைப்பது, மகளுக்குச் சீதனமாக எழுதவிருக்கும் அதே வளவை. வைக்காதீர்கள். களைத்துப்போன பிள்ளை கடனைத் தலையில் சுமந்துகொண்டு பகலில் படித்து இரவில் கடையில் நிற்க முடியாது. ஆசிரியர் நியமனம், சட்டக் கல்லூரி பற்றியெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே நூறு பேர் சொல்லியிருப்பார்கள், விட்டுவிடுகிறேன்.

விலகுவதையும் கணக்குப் பார்த்துச் செய்ய வேண்டும். 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் நிறைந்தால், தானாக விலகினாலும் பணிக்கொடை உண்டு. ஒரு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். கடைசிச் சம்பளம் 60,000 என்றால் 1,50,000 ரூபாய். இன்னும் இரண்டு மாதம்தான் குறைகிறது. மிச்ச லீவை எடுத்துக்கொண்டு, மீதி நாளுக்குக் கல்விப் பக்கத்துக்கோ விளையாட்டுப் பக்கத்துக்கோ மாற்றித் தரக் கேட்கட்டும். மறுத்து, அந்தத் தலைப்புகளையே எழுதச் சொன்னால் 1,50,000 ஐ மறந்துவிட்டு அன்றைக்கே கடிதம் கொடுக்கட்டும். கடிதத்தில் குற்றச்சாட்டு வேண்டாம். விலகும் திகதி, அறிவித்தல் காலம், சேவைச் சான்றிதழ் கேட்கும் ஒரு வரி போதும். ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் 8 வீதம் பிடித்தவர்கள் தங்கள் பங்கான 12 வீதத்தையும் கட்டினார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். அந்தக் காசைப் பொதுவாகப் பெண்கள் 50 வயதில்தான் எடுக்கலாம். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியை விலகியதும் கேட்கலாம், ஆனால் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவைதான்.

மகளுக்குச் சிங்களம் நன்றாக வாசிக்க வரும், எழுதத்தான் தடுமாற்றம் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் அதுதான் முக்கியமான வரி. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர், அதாவது அத்தாட்சிப் பத்திரம், காணி உறுதி போன்றவற்றை மொழிபெயர்த்துத் தன் முத்திரையோடு உறுதிப்படுத்திக் கொடுப்பவர். அந்தத் தொழிலை நம் வீடுகளில் யாரும் யோசிப்பதில்லை.

அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி கிழக்கில் நிருவாக மொழி தமிழ். ஆனாலும் திருக்கோவிலிலிருந்து அம்பாறைக் கச்சேரிக்குப் போகிற ஒருவர் கையில் சிங்களக் கடிதத்தோடுதான் பல தடவை திரும்புகிறார். பொலிசில் தமிழில் சொன்ன முறைப்பாடு சிங்களத்தில் எழுதப்பட, விளங்காமலே கையெழுத்து வைக்கிறார்கள். மகள் செய்தியில் எதற்காக நின்றாரோ, அதற்கான வேலை இங்கேயும் கிடக்கிறது.

பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தையே எடுங்கள். தமிழில் 'ப' ஒன்றுதான். 'பாலன்' என்ற பெயரைச் சிங்களத்தில் எழுதும்போது வல்லோசையா மெல்லோசையா என்று முடிவெடுத்தாக வேண்டும், அங்கே இரண்டுக்கும் வேறு வேறு எழுத்து. ஆங்கிலத்திலும் அதே சிக்கல். ஆகவே அடையாள அட்டையையும் பாஸ்போட்டையும் பார்க்காமல் பெயரைத் தட்டச்சு செய்யக்கூடாது. ஓர் எழுத்து மாறினால் தூதரகம் திருப்பி அனுப்பும். காணி உறுதியில் 0-1-12.5 என்றிருந்தால் ஏக்கர், றூட், பேர்ச். ஒரு றூட் 40 பேர்ச், ஆக 52.5 பேர்ச். மொழிபெயர்ப்பாளர் இதைக் கூட்டிப் போடக்கூடாது, உள்ளபடியே எழுத வேண்டும். முத்திரை, வெட்டு, ஓரக்குறிப்பு ஒன்றையும் விடக்கூடாது. செய்தியாளர்கள் வழுக்குவது இங்கேதான். நறுக்கி அழகாக்கிப் பழகிய கை அது.

'பிணை' என்பதை 'ஜாமீன்' என்று எழுதினால் நம் நீதிமன்றத்தில் எடுபடாது. அரசகரும மொழிகள் திணைக்களத்தின் சொற்றொகுதிகளை வாங்கிக் கொடுங்கள். தினமும் ஒரு மணித்தியாலம், ஒரு பக்கம் சிங்களத்தில் கையால் எழுதட்டும். ஏற்கெனவே பதிவுபெற்ற ஒருவரிடம் வரைவு எழுதிக் கொடுத்துப் பழகலாம். பதிவாகும்வரை மகள் முத்திரை குத்தக்கூடாது. பதிவுக்கான தகைமைகளை நீதி அமைச்சிடமே கேளுங்கள், தரகர் வேண்டாம். அரச மொழிபெயர்ப்பாளர் சேவைக்கு விண்ணப்பம் கோருவது வர்த்தமானியில் வரும், வெள்ளிக்கிழமைகளில் பாருங்கள்.

மகளுக்கு இதில் மனம் போகாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். விலகிய முதல் இரண்டு மாதமும் சொற்றொகுதியை மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். லண்டனுக்கு மட்டும் இன்றைக்கே நீங்கள் கோல் எடுங்கள். வளவு ஈட்டுக்கு இல்லை என்பதை உங்கள் வாயால் சொல்லுங்கள், பிள்ளையைச் சொல்ல வைக்காதீர்கள்.