வைட்டமின் டி: டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள்

அம்மாவுக்கு முடக்குவாதம். வீட்டுக்கு வந்த ஓர் 'ஆரோக்கிய ஆலோசகர்' வைட்டமின் டி கலந்த பொடியை 7,200 ரூபாய்க்கு விற்றார். நோய் வேரோடு போகும், டாக்டர் கொடுத்த மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வேண்டாம் என்றார். நிறுத்தினோம். இப்போது அம்மாவால் விரலை மடக்க முடியவில்லை.
– வாசகி, மயூர் விஹார்

முதலில் அம்மாவை மூட்டுவாத மருத்துவரிடம் (ருமட்டாலஜிஸ்ட்) அழைத்துப் போங்கள். பணத்தை அப்புறம் பார்க்கலாம். நிறுத்திய மாத்திரையை அவரைக் கேட்காமல் திரும்பத் தொடங்கவும் வேண்டாம். உங்கள் மேல் தவறில்லை. வலியில் துடிப்பவரிடம் 'குணமாகும்' என்று சொல்லி விற்றவர் மேல்தான் முழுத் தவறும்.

இப்படி விற்பவர்கள் பாதி உண்மையை வைத்துக்கொண்டு வருகிறார்கள். நோய் எதிர்ப்பு அணுக்கள் வைட்டமின் டி-க்கு இணங்கி நடப்பது நிஜம். அமெரிக்காவில் 'வைட்டல்' ஆய்வில் ஏறக்குறைய 26,000 பேரில் பாதிப் பேருக்கு ஐந்து ஆண்டுகள் தினம் 2,000 யூனிட் (டப்பாவில் IU என்று இருக்கும்) வைட்டமின் டி கொடுத்தார்கள். முடக்குவாதம் போல உடல் தன்னையே தாக்கும் நோய்கள் அவர்களிடம் 22 சதவீதம் குறைவாக வந்தன என்று 2022-இல் வெளியிட்டார்கள். கவனியுங்கள், புதிதாக வருவதுதான் குறைந்தது. வந்த நோயை அது குணப்படுத்தியதாக அந்த ஆய்வு சொல்லவில்லை. கலந்துகொண்டவர்களும் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள். 'வராமல் தடுக்கலாம்' என்பதை 'வந்ததை விரட்டும்' என்று மாற்றிச் சொல்வதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

வாதநோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. பில், நோட்டீஸ், வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதியுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது.

60,000 யூனிட் பாக்கெட்டைத் தினமும் பாலில் கலந்து ஒரு மாதமாகக் குடிக்கிறேன். தாகமும் குமட்டலும் இருக்கிறது.
– வாசகர், ஆர்.கே.புரம்

இன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். ரத்தத்தில் கால்சியம் ஏறியிருக்கலாம், சிறுநீரகத்துக்கு ஆபத்து. அது வழக்கமாக வாரத்துக்கு ஒன்று என்று எழுதித் தரும் மருந்து. சீட்டை ஒரு முறை படித்திருக்கக் கூடாதா?

நாங்கள் சைவம். வைட்டமின் டி3 சாப்பிடலாமா?
– வாசகி, கரோல் பாக்

பெரும்பாலான டி3 ஆட்டு ரோமக் கொழுப்பிலிருந்து எடுப்பது. வேண்டாம் என்றால் டி2 என்ற இன்னொரு வகையைக் கேளுங்கள். லைக்கன் என்னும் பாசிக்காளானிலிருந்து எடுத்த டி3-யும் விற்கிறார்கள், விலை கூடுதல்.

'இம்யூனிட்டி' கம்மி (gummy) மிட்டாய் வாங்கலாமா?
– வாசகர், ஜனக்புரி

டெல்லிக்கு வந்த முதல் குளிர்காலத்தில், புகைமூட்டத்தில் வெயிலே தெரியாத ஜனவரியில், நானும் ஒரு டப்பா 900 ரூபாய்க்கு வாங்கினேன். பின்பக்கத்தை வீட்டுக்கு வந்துதான் படித்தேன். ஒன்றில் 400 யூனிட், மற்றபடி சர்க்கரை. வயதுவந்தவர்களுக்கு ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) சொல்லும் நாள் அளவு 600. இன்னும் மனம் ஆறவில்லை. மைக்ரோகிராமில் போட்டிருந்தால் 40-ஆல் பெருக்குங்கள், யூனிட் கிடைக்கும். அப்புறம் சாதாரண மாத்திரையின் விலையோடு ஒப்பிடுங்கள்.

பால்கனிக்குக் கண்ணாடி போட்டுவிட்டோம். உள்ளே உட்கார்ந்தால் வெயிலில் டி கிடைக்குமா?
– வாசகர், துவாரகா

கிடைக்காது. அதற்கு வேண்டிய புறஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். கதவைத் திறந்து வையுங்கள்.