உபவாசத்தை நிறுத்துங்கள், ஸ்டான்லிக்குப் போங்கள்

கேள்வி: எனக்கு 47 வயது. கணவருக்குத் துறைமுகத்தில் வேலை, பையன் காலேஜ் போகிறான். மாமியார் பக்கவாதம் வந்து ஒன்றரை வருடமாகப் படுக்கையில் இருக்கிறார். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் நான்தான். இடது மார்பில் சுருக்கென்று குத்துகிறது. ராத்திரியில் வலது கை மரத்துப்போகிறது. முடி கொத்துக்கொத்தாக உதிர்கிறது. மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது, மீன் குழம்புகூட ருசிப்பதில்லை. மெக்னீசியம் குறைவு என்று யூடியூபில் சொன்னார்கள், மாத்திரை வாங்கிவிட்டேன். தூக்கத்துக்கு மாமியாரின் மாத்திரையில் பாதி போடுகிறேன். வாரம் இரண்டு நாள் உபவாசம் இருக்கிறேன். ஆனால் ஜெபத்தில் வார்த்தையே வருவதில்லை. சபையில் விசுவாசம் குறைந்துவிட்டது என்கிறார்கள். அத்தையும் நானும் ஒரே நாளில் போய்ச் சேர்ந்தால் எல்லோருக்கும் நிம்மதி என்றுகூடத் தோன்றுகிறது. ஆண்டவர் என்னைக் கைவிட்டுவிட்டாரா?
– பெயர் வேண்டாம், தண்டையார்பேட்டை

மருத்துவர் பதில்:

மார்புக் குத்தலுக்கும் முடிக்கும் அத்தனை வரி எழுதிவிட்டு, சொல்ல வேண்டியதைக் கடைசியில் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள் அம்மா. நான் அங்கிருந்துதான் ஆரம்பிப்பேன்.

ஒரே நாளில் போய்ச் சேர்ந்தால் நிம்மதி என்ற எண்ணம் பாவமும் இல்லை, பைத்தியமும் இல்லை. காய்ச்சலில் உடம்பு கொதிக்கிற மாதிரி, மனச்சோர்வு நோயில் இப்படி எண்ணம் வரும். ஆனால் தானாகப் போய்விடும் என்று விட்டுவிடக்கூடிய அறிகுறி இல்லை இது. நேராகவே கேட்கிறேன். அந்த எண்ணம் வந்து வந்து போகிறதா, இல்லை எப்போது, எப்படி என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டதா? இரண்டாவது என்றால் விடியும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். கணவரை எழுப்பிச் சொல்லுங்கள், அந்த ராத்திரியே ஸ்டான்லி அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். தனியாக இருக்காதீர்கள். பேச ஆள் வேண்டுமென்றால் 14416 டெலிமானஸ் மனநல உதவி எண், இல்லாவிட்டால் அரசின் 104. எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. வந்து வந்து போகிறது என்றால், இந்த வாரத்துக்குள் மனநல மருத்துவரைப் பாருங்கள். சபை கன்வென்ஷன் முடியட்டும், பையன் பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம்.

இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வீட்டில் உள்ள மாத்திரை அத்தனையையும் கணவர் கையில் கொடுத்துவிடுங்கள். மாமியாருக்கு வேண்டியதை அவரே வேளாவேளைக்கு எடுத்துக் கொடுக்கட்டும்.

அந்தத் தூக்க மாத்திரை விஷயத்தில் எனக்குக் கோபம்தான். இன்னொருவருக்கு எழுதியது அது. பாதி என்றாலும் மாத்திரை மாத்திரைதான். எத்தனை மாதமாகப் போடுகிறீர்கள் என்பதை மட்டும் சாமர்த்தியமாக விட்டுவிட்டீர்கள். தினமும் போட்டுப் பழகியிருந்தால் என் கோபத்தைப் படித்துவிட்டு இன்றே நிறுத்திவிடாதீர்கள். சட்டென்று நிறுத்தினால் கை நடுங்கும், வியர்க்கும், உள்ள தூக்கமும் போகும், சிலருக்கு வலிப்பே வரும். மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள், அவர் படிப்படியாகக் குறைப்பார். விடிகாலை மூன்று மணிக்கு வருகிற விழிப்பு மனச்சோர்வின் பழைய அடையாளம். இந்த மாத்திரை அதை மூடிவைக்குமே தவிர குணப்படுத்தாது.

மற்றதெல்லாம் சுருக்கமாக. ஒரு விரலால் தொட்டுக் காட்ட முடிகிற, அழுத்தினால் வலிக்கிற குத்தல் பெரும்பாலும் தசையும் விலா எலும்பும்தான். படுத்த படுக்கையாக இருப்பவரைத் தினமும் தூக்கினால் வலிக்காமல் என்ன செய்யும்? மாடி ஏறும்போது மார்பில் பாரம் வைத்தமாதிரி இருந்தாலோ, வலி தாடைக்கோ முதுகுக்கோ பரவினாலோ, மூச்சு வாங்கி வியர்த்தாலோ அது வேறு விஷயம், உடனே ஓட வேண்டும். எப்படியும் போகிறீர்கள், ஒரு ஈசிஜி எடுத்துவிடுங்கள். கை மரத்துப்போவது, படுக்கை விரிப்பைப் பிழிந்து பிழிந்து மணிக்கட்டில் நரம்பு அழுந்துவதால் இருக்கலாம். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல்தானே அதிகம் மரக்கிறது? ராத்திரி மணிக்கட்டுப் பட்டை போட்டால் பலருக்குக் குறைகிறது. முடி திரும்ப முளைக்கும். மெக்னீசியம் மாத்திரைக்குக் கொடுத்த காசு போனது போனதுதான். ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, பி12 இந்த நான்கையும் பாருங்கள். உங்கள் வயதில் மாதவிலக்கு அதிகமாகப் போய், கூடவே வாரம் இரண்டு நாள் பட்டினியும் சேர்ந்தால், ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இறங்குவது பெரிய அதிசயம் இல்லை. ரத்தசோகையும் தைராய்டும் இதே சோர்வைக் கொண்டுவரும்.

ஆண்டவர் கைவிட்டாரா என்ற கேள்விக்கு வருகிறேன். அவர் கைவிட்டிருந்தால் ஜெபம் மட்டும்தானே மரத்துப்போக வேண்டும், காசிமேட்டு மீன் ஏன் ருசிக்காமல் போகிறது? எதிலுமே பற்றில்லாமல் போவதுதான் இந்த நோயின் வேலை. ஜெபமும் அதில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

உங்கள் வேதாகமத்தில் 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள். முந்தின அதிகாரத்தில் கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்க ஜெபித்த அதே எலியா தீர்க்கதரிசி, இங்கே சூரைச்செடிக்குக் கீழே உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார். அவருக்கா விசுவாசம் குறைச்சல்? தேவதூதன் வந்து கடிந்துகொண்டானா, பிரசங்கம் பண்ணினானா? தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டார், மறுபடி படுத்தார், மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தான். ஓரேப் மலையில் ஆண்டவர் அவரோடு பேசியதெல்லாம் அதற்கு அப்புறம்தான். அதனால் உபவாசத்தை இன்றோடு நிறுத்துங்கள். நோயாளி பட்டினி கிடக்க வேண்டும் என்று எந்தப் பாஸ்டரும் சொல்லமாட்டார், சொன்னால் என்னிடம் அனுப்பிவையுங்கள்.

சபை உங்களுக்கு வேண்டும், விட்டுவிடாதீர்கள். ஆனால் விசுவாசம் குறைந்தது என்று சொன்ன சகோதரிகளிடம் வேலை கேளுங்கள். வீட்டுக்கு வந்து ஜெபித்து, டீ குடித்துவிட்டுக் கிளம்புகிறார்களே, அவர்களில் ஒருவர் மாற்றி ஒருவர் வாரம் இரண்டு மத்தியானம் மாமியார் பக்கத்தில் உட்காரட்டும். அந்த நேரத்தில் நீங்கள் துணி துவைக்கக் கூடாது, தூங்க வேண்டும்.

உங்கள் கடிதத்தில் கணவர் துறைமுகத்தோடு முடிந்துவிட்டார், பையன் காலேஜோடு முடிந்துவிட்டான். ஒன்றரை வருடத்தில் பாட்டியை ஒருமுறையாவது திருப்பிப் படுக்கவைத்தானா? புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பச் சொல்லியிருப்பார்கள். அதை ராத்திரி முழுக்க ஒரே ஆள் செய்ய முடியாது. பாதி ராத்திரி அவர்கள் பார்க்கட்டும், உங்களுக்குச் சேர்ந்தாற்போல் நாலைந்து மணிநேரத் தூக்கம் கிடைக்க வேண்டும். தூக்குவதற்கும் முறை உண்டு. ஒரு விரிப்பை நான்காக மடித்து மாமியாரின் தோளிலிருந்து தொடைவரை அடியில் போட்டு, ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து நகர்த்துங்கள். அக்குளில் கைகொடுத்து இழுக்காதீர்கள், அவர் தோளும் போகும், உங்கள் முதுகும் போகும். 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் நடக்கிறது. படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபியும் வலிநிவாரணப் பராமரிப்பும் தருகிற திட்டம். பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாமியார் பெயரைக் கொடுத்துக் கேளுங்கள்.

மனநலப் பிரிவு என்றதும் கீழ்ப்பாக்கம் ஞாபகம் வந்து பயப்படுவீர்கள். நம் பக்கத்தில் அதைச் சொல்லியே கேலி பேசுவார்கள். ஸ்டான்லியிலேயே அந்தப் பிரிவு இருக்கிறது, சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வருகிறவர்களோடு நின்றுதான் நீங்களும் ஓ.பி. சீட்டு வாங்குவீர்கள். மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதினால் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். தூக்க மாத்திரை மாதிரி பழக்கமாகிவிடாது. சரியாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தக் கூடாது, பொதுவாக அதற்குப் பிறகும் ஆறு மாதமாவது தொடரச் சொல்வோம். நடுவில் மூன்று மணிக்கு யூடியூபைத் திறக்காதீர்கள்.

கணவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், மாமியாரின் மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை பார்க்க வெறும் வயிற்றில் வரச் சொல்வார்கள். இப்போதைக்கு அந்த ஒரு காலை உபவாசம் போதும். ரத்தம் கொடுத்த கையோடு வெளியே வந்து, இரண்டு பேருமாக டிபன் சாப்பிட்டுவிட்டு டாக்டரைப் பாருங்கள்.