மலை மேல போனா கேன்சர் வராதா? – ஒரு கடிதம்

அண்ணா வணக்கம்,

உங்க சைட்ட ரெண்டு மூணு வருஷமா படிக்கிறேன், எழுதுறது இதான் மொத தடவ. நாங்க ஹூஸ்டன்ல இருக்கோம், வீட்டுக்காரருக்கு டென்வருக்கு மாத்தல் வந்திருக்கு, ஜூன்ல போறோம். நாமக்கல்ல இருக்குற என் மாமனாருக்கு 68 வயசு, முப்பது வருஷம் சிகரெட், இப்ப விட்டுட்டார், ஆனா சிஓபிடின்னு மூச்சுக்குழாய் சுருங்கி மூச்சு வாங்குற நாள்பட்ட நுரையீரல் வியாதி, இன்ஹேலர்ல ஓடுது. அவரோட தம்பி போன வருஷம் நுரையீரல் கேன்சர்ல தவறிட்டார், அதுலருந்தே ஒரு பயம். உயரமான ஊர்ல ஆக்சிஜன் கம்மி, அதனால கேன்சரும் கம்மின்னு எங்கயோ வீடியோ பாத்துட்டு, டென்வர்ல வந்து ஆறு மாசம் இருக்கேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறார். அது நெஜமா? கூட்டிட்டு வரலாமா? பேர் போடாதீங்க அண்ணா.

– ஆர்.

அன்புள்ள ஆர்.,

வீடியோக்காரர் பொய் சொல்லல, பாதிய சொல்லிட்டு மீதிய முழுங்கிட்டார். 2015-ல சிமியனோவ், ஹிம்மல்ஸ்டீன்னு ரெண்டு பேர் அமெரிக்காவோட மேற்குப் பக்க கவுன்ட்டிகளை (நம்மூர் மாவட்டம் மாதிரி) எடுத்து கணக்கு பாத்தாங்க, 1,000 மீட்டர் ஏறினா லட்சம் பேருக்கு சுமார் 7 பேர் கணக்குல நுரையீரல் கேன்சர் குறையுதுன்னு வந்துச்சு. மார்பகம், பெருங்குடல், ப்ராஸ்டேட் கேன்சர்ல இந்த அளவுக்கு ஒண்ணும் தெரியல. மூச்சுல போற ஆக்சிஜன் நேரா படுற எடம் நுரையீரல்தானே, அந்த ஆக்சிஜனே கொஞ்சம் கொஞ்சமா செல்ல அரிக்குதோன்னு அவங்க ஒரு யோசனைய முன்வச்சாங்க. எனக்கு ரொம்ப பிடிச்ச யோசனை, ஆனா யோசனைதான். அவங்க புகைப்பழக்கத்தையும் கணக்குல கழிச்சுதான் பாத்தாங்க, இருந்தாலும் அது கவுன்ட்டியோட சராசரி, அத வச்சு ஒரு ஆளுக்கு ஜாதகம் எழுத முடியாது. டென்வர் இருக்குற கொலராடோவுக்குப் பக்கத்துல யூட்டாவ பாருங்க, அதுவும் உயரமான மாநிலம், நுரையீரல் கேன்சர் நாட்டுலயே ரொம்ப கம்மி, ஆனா அங்க கிட்டத்தட்ட பாதிப் பேர் மார்மன்கள், அவங்க மதத்துல சிகரெட்டே கூடாது. இதுல மலைக்கு எவ்ளோ பங்கு, மதத்துக்கு எவ்ளோ பங்குன்னு பிரிச்சு எடுக்குறது லேசுப்பட்ட வேலையா?

அதோட, கேன்சர் வர இருவது முப்பது வருஷம் ஆகும். மாமனார் நாமக்கல்ல முப்பது வருஷம் இழுத்த புகைய டென்வர் ஆறு மாசத்துல கழுவிடாது.

இப்ப முழுங்கின பாதி. 2012-ல அமெரிக்கா முழுக்க கவுன்ட்டி வாரியா பாத்த இன்னொரு ஆய்வு இருக்கு. 1,500 மீட்டருக்கு மேல இருக்குறவங்களுக்கு ஆயுசு கூடத்தான் இருந்துச்சு, மாரடைப்பு சாவும் கம்மி, ஆனா சிஓபிடி சாவு ஜாஸ்தி. வருமானம், புகை எல்லாத்தையும் கழிச்சதும் ஆயுசுல வந்த லாபமும் கிட்டத்தட்ட கரைஞ்சு போச்சு. உங்க மாமனாருக்கு இருக்குறது எது? சிஓபிடி. டென்வர் 1,609 மீட்டர், காத்தழுத்தம் கடல்மட்டத்துல இருக்குறதுல ஆறுல அஞ்சு பங்குதான், அதாவது ஒவ்வொரு மூச்சுலயும் ஆறுல ஒரு பங்கு ஆக்சிஜன் குறையுது. நமக்கு அது ஒண்ணும் பெருசில்ல, அவருக்கு மாடிப்படி ஏறும்போது தெரியும்.

ஆக்சிஜன் கம்மியானா கேன்சருக்கு ஆகாதுங்குறதும் அவ்ளோ நேரான கணக்கு இல்ல. கேன்சர் கட்டிக்குள்ள நடுவுல பெரும்பாலும் ஆக்சிஜன் பஞ்சம்தான், அந்தப் பஞ்சத்துல ஹிஃப்னு ஒரு புரதம் முழிச்சுக்கிட்டு புது ரத்தக்குழாய் போடச் சொல்லும், கட்டி அதுலதான் வளருது. செல் ஆக்சிஜன் அளவ எப்படி உணர்ந்து மாறிக்குதுன்னு கண்டுபிடிச்சதுக்குதான் கேலின், ராட்க்ளிஃப், செமென்ஸா மூணு பேருக்கும் 2019-ல நோபல். திபெத்காரங்க உடம்புல இதே ஹிஃப் குடும்பத்துல ஈபாஸ்-1னு ஒரு ஜீன் மாறி இருக்கு, அதனாலதான் 4,000 மீட்டர்லயும் அவங்க ரத்தம் கெட்டியாகாம ஓடுது. அந்த ஜீன் செய்யிற புரதத்தையே அடைக்குற பெல்ஸூட்டிஃபான்னு ஒரு மாத்திரைய 2021-ல அமெரிக்காவுல சிலவகை சிறுநீரகக் கேன்சருக்கு அனுமதிச்சாங்க. பெருவுல மலைமேலயே பிறந்து வளந்தவங்களுக்கு கழுத்து ரத்தக்குழாய்ப் பக்கம் இருக்குற, ஆக்சிஜன மோப்பம் பிடிக்குற சின்ன உறுப்புல கட்டி வர்றதும் கீழ இருக்குறவங்கள விட பல மடங்கு ஜாஸ்தி. இத எந்த வீடியோலயும் சொல்ல மாட்டாங்க, தம்ப்நெயிலுக்கு ஒத்துவராது.

கூட்டிட்டு வரலாமான்னா, நான் டாக்டர் இல்ல, அவரோட நுரையீரல் டாக்டர்கிட்ட கேளுங்க. டென்வர மட்டும் கேட்டா பத்தாது, ப்ளைட்டையும் சேத்து கேளுங்க, கேபின் காத்தழுத்தம் 2,400 மீட்டர் உயரத்துல இருக்குற அளவுக்குக் குறையலாம், டென்வர விட அது உயரம், அதுல பதினஞ்சு மணி நேரம் உக்காரணும். அங்க வந்தப்புறம் எல்லாரும் கார்லயே பைக்ஸ் பீக் மலை உச்சிக்குப் போலாம்னு கெளம்புவீங்க, அது 4,302 மீட்டர், அவர வீட்டுல விட்டுட்டுப் போங்க. வெயில்ல தொப்பி போடச் சொல்லுங்க, 1,000 மீட்டருக்கு புற ஊதாக் கதிர் பத்து சதவீதம் கூடும்.

கடைசியா ஒண்ணு, நீங்க கேக்கல. டென்வர் பக்கம் என் சித்தப்பா பையன் வீட்டுக்குப் போனப்ப பேஸ்மென்ட் மூலையில ஒரு வெள்ள பிவிசி பைப்பு தரையிலருந்து கூரை வரைக்கும் போச்சு, அதுல யு மாதிரி சின்ன குழாய்ல செவப்பு தண்ணி, ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் எறங்கி நின்னுச்சு. ஏசி பைப்பான்னு கேட்டேன், ரேடான் ஃபேன்டான்னான், தண்ணி ரெண்டு பக்கமும் சமமா நின்னா ஃபேன் ஓடலன்னு அர்த்தமாம். கொலராடோ மண்ணுல யுரேனியம் இருக்கு, அதுலருந்து வர்ற ரேடான் வாயு வீட்டுக்குள்ள ஏறும், சிகரெட்டுக்கு அடுத்து அமெரிக்காவுல நுரையீரல் கேன்சருக்கு அதான் காரணம், புகைச்சவங்களுக்கு ரெண்டும் சேந்தா இன்னும் மோசம். காத்துல லிட்டருக்கு 4 பிக்கோகியூரி (கதிரியக்கத்த அளக்குற அலகு) இல்ல அதுக்கு மேல இருந்தா சரி பண்ணணும்னு அரசாங்கமே சொல்லுது. வீடு பாக்கும்போதே டெஸ்ட் பண்ணிடுங்க. நம்மாளுங்க ஊர்லருந்து வர்ற அப்பா அம்மாவுக்கு பேஸ்மென்ட் ரூமத்தான் குடுப்பாங்க, ரேடான் அதிகமா தங்குறதும் அங்கதான், சிஓபிடிக்காரர் ஏறி எறங்க வேண்டிய படியும் அங்கதான். தரைத்தளத்துலயே ஒரு பெட்ரூம் இருக்குற வீடா பாருங்க, வாடகை கொஞ்சம் கூட போனாலும் பரவால்ல.