பல்லும் முரசும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது, இளவயதிலிருந்தே வெற்றிலை போடுகிறவர். என் கரைச்சலில் புகையிலையை விட்டுவிட்டார், இப்போது பாக்கும் சுண்ணாம்பும் மட்டும்தான். கொஞ்சக் காலமாகக் கறி வாயில் பட்டாலே எரிகிறது என்கிறார், கொட்டாவி விடவும் வாய் முழுதாகத் திறபடுவதில்லை. விற்றமின் குறைபாடா?
வாசகி, சாவகச்சேரி

பதில்: விற்றமின் குளிசை கொடுத்துப் பார்ப்போம் என்று நாளைக் கடத்தாதீர்கள், தங்கச்சி. உறைப்பு எரிவதும் வாய் இறுகுவதும் சேர்ந்து வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பாக்கைத்தான். புகையிலைதான் கூடாது, பாக்கு சமிபாட்டுக்கு நல்லது என்று எங்கள் ஊரில் ஊறிப்போன நம்பிக்கை ஒன்று இருக்கிறது. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு, புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று 2004 இலேயே அறிக்கை வெளியிட்டுவிட்டது. பாக்கிலுள்ள அரிகோலின் என்ற இரசாயனம் கன்னத்தின் உட்தோலுக்குக் கீழே நாரைப் படியச் செய்கிறது, அது வருடக்கணக்கில் சேர்ந்து, மெத்தென்று இருக்கவேண்டிய கன்னம் வெளிறித் தோல் வார் மாதிரி இறுகிவிடும்.

வீட்டிலேயே பாருங்கள். அம்மாவின் சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மேல், கீழ் முன்பற்களுக்கு இடையில் நுழைக்கச் சொல்லுங்கள், இரண்டோடு நின்றுவிட்டால் வாய் இறுகத் தொடங்கிவிட்டது. அப்புறம் ரோச் அடித்து, வெற்றிலை அடக்கும் பக்கத்துக் கன்னம், நாக்கின் ஓரம், அடி எல்லாம் பாருங்கள். துடைத்தாலும் போகாத வெள்ளைப் படையோ சிவப்புப் படையோ, இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண்ணோ இருந்தால், நோகாவிட்டாலும் சரி, உடனே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் பல் சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். விரல் மூன்றும் நுழைந்து, படை, புண் ஒன்றும் இல்லாவிட்டாலும் அந்த எரிவுக்காக ஒருமுறை காட்டத்தான் வேண்டும். தேவைப்பட்டால் சின்னத் துண்டு சதை எடுத்துச் சோதிப்பார்கள், அதற்குப் பயந்து வீட்டில் இருக்க வேண்டாம். இறுகியது பழையபடி இளகிவராது, இது சிலருக்குப் பின்னாளில் புற்றுநோயாகவும் மாறும். இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோயே வாய்ப் புற்றுநோய்தான், பெண்களையும் அது விடுவதில்லை. அம்மா பாக்கை இன்றைக்கே நிறுத்த வேண்டும்.

கேள்வி: மகனுக்கு 5 வயது, கடைவாய்ப் பல் இரண்டு சூத்தை. விழப்போகிற பல்தானே என்கிறார் மாமி. பின்னேரத்தில் அப்பப்பாவோடு பனங்கட்டி கடித்துத் தேத்தண்ணி குடிப்பான், அதனாலா?
வாசகி, கரவெட்டி

பதில்: பாற்பல்லில் முன்பற்கள்தான் 6, 7 வயதில் விழும். கடைவாய்ப் பற்கள் 10, 12 வயது வரை இருக்கவேண்டியவை, அதுவரை பிள்ளை எதால் சப்புவான்? அடைக்கக்கூடிய நிலையில் இருக்கும்போதே அடைத்துவிடுங்கள். இன்னொன்று, ஆறு வயதளவில் அவற்றுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே, நிரந்தரக் கடைவாய்ப்பல் முளைக்கும், அதையும் பாற்பல் என்று நினைத்துக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். பனங்கட்டி சீனியைவிட நல்லதென்றாலும் பல்லிலுள்ள கிருமிக்கு இரண்டும் ஒன்றுதான். கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துக்கொண்டே இருந்தால் அமிலமும் ஊறிக்கொண்டே இருக்கும், சாப்பாட்டோடு ஒரு துண்டு கொடுத்து முடித்துவிடுங்கள். இரவு புளோரைட் பற்பசையை ஒரு பட்டாணியளவு வைத்து நீங்களே தீட்டிவிடுங்கள்.

கேள்வி: பல் தீட்டும்போது முரசில் இரத்தம் வருகிறது. பிரஷ்ஷை விட்டு உமிக்கரிக்கு மாறலாமா?
வாசகர், கொக்குவில்

பதில்: வேண்டாம் தம்பி, உமிக்கரி பல்லை அராவிவிடும். முரசோரத்தில் அழுக்குப் படிந்திருப்பதால்தான் இரத்தம் வருகிறது, தீட்டுவதை நிறுத்தினால் கூடும். மென்மையான பிரஷ்ஷை முரசோரமாகச் சரித்துப் பிடித்து மெதுவாகத் தீட்டுங்கள், இரண்டு கிழமையில் நிற்காவிட்டால், பல்லில் கல்லாக இறுகிப்போன அழுக்கான காறையைப் பல் வைத்தியரிடம் போய்ச் சுரண்டி எடுக்க வேண்டும். சலரோகம் இருக்கிறதா என்றும் இரத்தம் சோதித்துப் பாருங்கள், அது கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் முரசு ஆறாது.