சமகாலக் கலை பற்றிப் பண்பாட்டு மாத இதழில் எழுத ஆசை. ஆசிரியரிடம் எப்படிக் கேட்பது?

'சமகால இந்தியக் கலை: ஒரு பார்வை' என்று பத்துப் பக்கம் எழுதி அனுப்பிவிட்டு, பதில் வராமல் இங்கே கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்தத் தலைப்பைப் பார்த்தாலே ஆசிரியர்கள் மூடி வைத்துவிடுவார்கள். ஒரே ஒரு படைப்பைப் பற்றி நாலு வரி மின்னஞ்சல் போடுங்கள், போதும்.

என் கதையைச் சொல்கிறேன். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கொச்சியில் நடக்கும் கலைக் கண்காட்சியான கொச்சி-முசிறிஸ் பியனாலே முதல்முறையாக 2012 டிசம்பரில் தொடங்கியது. அதில் விவான் சுந்தரம் என்ற கலைஞர், பழைய முசிறி இருந்த இடமாகக் கருதப்படும் கேரளத்துப் பட்டணம் என்ற ஊரின் அகழாய்வில் ஒதுக்கப்பட்ட பானை ஓட்டுச் சில்லுகளை ஆயிரக்கணக்கில் பரப்பி ஒரு நகரத்தையே செய்திருந்தார். பெயர் 'பிளாக் கோல்டு', அதாவது மிளகு. யவனர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய முசிறி அகநானூற்றிலேயே இருக்கிறதே! இப்படிப் பொருள்களை ஓர் இடத்தில் பரப்பி அமைக்கும் கலைக்கு 'இன்ஸ்டலேஷன்' என்று பெயர். நான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. "சங்கப் பாட்டில் வரும் துறைமுகத்தை உடைந்த ஓடுகளால் ஒருவர் கட்டியிருக்கிறார். மார்ச்சில் கண்காட்சி முடிகிறது. கலைஞர் தரப்பில் கேட்டுப் படம் வாங்கித் தருகிறேன்" என்றுதான் எழுதினேன். மறுநாளே ஆசிரியர் போன் செய்தார்.

தேதியைக் கட்டாயம் சொல்லுங்கள். மாத இதழ் அச்சுக்குப் போவதற்கு வாரக்கணக்கில் முன்னாலேயே பக்கங்கள் நிரம்பிவிடும். கண்காட்சி முடிந்தபிறகு வரும் கட்டுரையை யார் போடுவார்?

"எல்லாவற்றுக்கும் சங்க இலக்கிய முலாம் பூசுவதா?" என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். ஐயா, முசிறி என்ற பெயரைப் பியனாலேவே வைத்திருக்கிறது, நான் ஒட்டவைக்கவில்லை. சிறுபத்திரிகைகளுக்கு இந்த வழி ஒத்துவராது என்பதும் தெரியும். அங்கே முழுக் கட்டுரையைத்தான் கேட்பார்கள்.

சரி, கட்டுரை வந்ததா? வந்தது. நான் வாங்கிக் கொடுத்த படத்தைத் தூக்கிவிட்டு, எங்கிருந்தோ எடுத்த சீன வலைப் படத்தை அரைப் பக்கத்துக்குப் போட்டிருந்தார்கள்! ஓடுகளைப் பற்றிய கட்டுரைக்கு மீன்பிடி வலை. கேட்டதற்கு, "கொச்சி என்றால் வாசகருக்கு அதுதானே சார் தெரியும்" என்றார்கள். கதைக்குப் படம் வரைகிற ஓவியர்கள் பாடு இன்னும் மோசம். எழுதியவர் பெயர் கொட்டை எழுத்தில், வரைந்தவர் பெயர் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் கிடைக்காது. ஓவியர் ஆதிமூலம் எழுத்தாளர் கி. ராஜநாராயணனின் எழுத்துக்கு வரைந்த கோடுகளைப் பார்த்து வளர்ந்த வாசகர்கள் இருக்கிற ஊரில் இப்படி.

அதனால் ஆசிரியர் சம்மதித்ததும், எந்தப் படம், கீழே யார் பெயர் என்பதை மின்னஞ்சலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சன்மானத்தையும் அப்போதே கேட்டுவிடுங்கள், அப்புறம் கேட்டால் ஒரு பிரதிதான் தபாலில் வரும்.