தேயிலைச் செடியின் காவல் பூச்சிகள்: கேள்வி பதில்

கேள்வி: இலையெல்லாம் செம்பு நிறமாகிவிட்டது. இலைச் சாற்றை உறிஞ்சும் செஞ்சிலந்தியைத் தின்ன எந்தப் பூச்சியை விடலாம்?

பதில்: விடுவதற்கு முன், ஏற்கெனவே இருப்பதைப் பாருங்கள். முற்றிய இலையின் மேல்பக்கத்தைப் பத்து மடங்கு காட்டும் லென்ஸில் பாருங்கள். கடுகளவு கறுப்புப் பொறிவண்டு அலைந்தால் அது ஸ்டெத்தோரஸ். வண்டும் அதன் புழுவும் செஞ்சிலந்தியையும் அதன் முட்டையையும் தின்னும். அந்தப் புழுவைப் பயிர்ப்பூச்சி என்று நினைத்து நசுக்குபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வண்டு தென்பட்டால் மருந்தைத் தள்ளிப்போட்டு, வாரம் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பார்க்காமல் மருந்து அடிக்காதீர்கள்.

கேள்வி: செடியில் உள்ள சிலந்தி வலைகளையும் கலைத்துவிடலாமா?

பதில்: கூடாது. செஞ்சிலந்தி சாறு உறிஞ்சும் உண்ணி வகை. வலை பின்னும் சிலந்தி உங்களுக்காக வேட்டையாடுகிறது.

கேள்வி: டிரைக்கோகிரம்மா குளவி வெளிவரும் காகித அட்டையைச் செடியில் கட்டினால் செஞ்சிலந்தி போகுமா?

பதில்: போகாது. அந்தக் குளவி அந்துப்பூச்சிகளின் முட்டையைத்தான் தேடிப் போகும்.

கேள்வி: காப்பிக் காய்த் துளைப்பானுக்கு என்ன செய்யலாம்?

பதில்: என் துறை அல்ல. காப்பிப் பயிர் தெரிந்தவரைக் கேளுங்கள்.

கேள்வி: ஒரே ஒரு தடவை மருந்து அடித்தால் என்ன கெட்டுவிடும்?

பதில்: இலங்கையில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே ஹோமோனா என்ற இலைச்சுருட்டுப் புழு தேயிலையைப் பாழாக்கிக்கொண்டிருந்தது. 1935-36இல் ஜாவாவிலிருந்து மேக்ரோசென்ட்ரஸ் என்ற ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். சுருட்டிய இலைக்குள் இருக்கும் புழுவின் உடலிலேயே அது முட்டையிடும். குஞ்சு உள்ளிருந்தே புழுவைத் தின்று வளரும். சில ஆண்டுகளில் புழு அடங்கியது. அப்புறம் 1950களில், கிளைத் துளைப்பான் வண்டுக்காக டீல்ட்ரின் என்ற பூச்சிமருந்தைத் தெளித்தார்கள். குளவி செத்தது, அடங்கியிருந்த இலைச்சுருட்டுப் புழு திரும்பவும் பெருகியது. வேறொரு பூச்சிக்கு அடித்த மருந்து இது!

கேள்வி: டீல்ட்ரின் பழைய கதை. இப்போதைய மருந்துகள் வேறு அல்லவா?

பதில்: பெயர் மாறியிருக்கிறது. செயற்கைப் பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்து அடித்த பிறகு உண்ணிகள் பெருகுவது பல பயிர்களில் தெரிந்த விஷயம். காரணம் எளிது. தப்பிய செஞ்சிலந்திக்குச் சுற்றிலும் இலை, அதாவது சாப்பாடு இருக்கிறது. தப்பிய பொறிவண்டுக்கோ செஞ்சிலந்தி பெருகிய பிறகுதான் இரை. அதனால் பகைதான் முதலில் எழும், காவல் பின்னால்தான் வரும்.

கேள்வி: அப்படியானால் மருந்தே வேண்டாம் என்கிறீர்களா? விளைச்சல் போனால் யார் பொறுப்பு?

பதில்: அப்படிச் சொல்லவில்லை. செஞ்சிலந்தி திட்டுத் திட்டாகத்தான் தொடங்கும், பெரும்பாலும் புழுதி படியும் பாதையோரத்திலும் நிழல் இல்லாத இடத்திலும். அந்தத் திட்டுக்கு மட்டும் அடியுங்கள். மற்ற இடத்தில் பிழைக்கும் வண்டுகள் அங்கே திரும்பி வரும். தோட்டம் முழுக்க அடித்தால் திரும்பி வர ஒன்றும் மிஞ்சாது.

கேள்வி: செஞ்சிலந்திக்கு என்ன பூச்சி விடலாம்?

பதில்: முதல் பதிலிலேயே சொல்லிவிட்டேன். லென்ஸை எடுங்கள்.

கேள்வி: தேயிலைக் கொசுவுக்கு?

பதில்: இது இளங்கொழுந்தில் சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி, பெயரில்தான் கொசு. இளந்தண்டுக்குள் முட்டையைச் செருகிவைக்கும். எரித்மெலஸ் என்ற மிகச் சிறிய குளவி அந்த முட்டையைத் தேடி அதற்குள் தன் முட்டையை இடும். கொழுந்தை விடாமல் நெருக்கமாகப் பறித்தாலே பாதி முட்டை கூடையோடு போய்விடும் என்பது என் அனுபவம். அதையும் செய்யாமல் தெளிப்பானைத் தூக்காதீர்கள்.